மக்காச்சோளம் வருமுன்னே கோழி என்ன தின்றது?

(வானொலி உரை)



தென்காசியிலே ஒரு தீவனக் கடை வாசலில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்கள்: "வீட்டுல பத்துக் கோழி கிடக்கு. மூட்டைத் தீவனம் வாங்கிப் போட்டா முட்டை வித்த காசு தீவனத்துக்கே போயிருது. போடாம விட்டா கோழி மெலிஞ்சி போகுது. மக்காச்சோளமும் சோயாவும் இல்லாம கோழி வளர்க்கவே முடியாதா?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியிலே பதில் சொல்லலாம். ஆனால் கொஞ்சம் பழைய கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதில் மனசிலே நிற்கும். மக்காச்சோளமும் சோயா மொச்சையும் நம் ஊர் கோழிக்குத் தீவனமாக வந்தது நேற்றைய சங்கதி. கோழி நம் வீட்டு முற்றத்துக்கு வந்து ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகிவிட்டது. இத்தனை காலமும் அது என்ன தின்று பிழைத்தது? அந்தச் சாப்பாட்டிலே சத்து இருந்ததா, இல்லையா? இதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

காட்டிலிருந்து களத்துக்கு

குற்றாலத்துக்கு மேலே மலைக்காட்டிலே சாம்பல் நிறக் காட்டுக்கோழி உண்டு. விடியற்காலையில் அது கூவுவதை மலையடிவாரத்துக்காரர்கள் கேட்டிருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் தென்னிந்தியக் காடுகளும் அதன் தாய்வீடு. நம் வீட்டுக்கோழிக்கு முக்கியமான மூதாதை இதுவல்ல. வட இந்தியா தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இருக்கிற சிவப்புக் காட்டுக்கோழி. ஆனாலும் நம் ஊர் காட்டுக்கோழிக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கோழிகள் பலவற்றுக்குக் கால் மஞ்சளாக இருக்கிறதல்லவா, அந்த மஞ்சள் நிறத்துக்குரிய மரபுக்கூறு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

காட்டுக்கோழி என்ன தின்னும்? உதிர்ந்த விதை, மூங்கில் அரிசி, பழம், இளந்தழை, கரையான், புழு, பூச்சி. காலாலே சருகைச் சீய்ச்சுச் சீய்ச்சுப் பொறுக்கித் தின்னும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் நம் வீட்டுக்கோழியை விட்டுப் போகவில்லை.

அது ஏன் மனிதனைத் தேடி வந்தது? தானியத்துக்காகத்தான். தாய்லாந்து நாட்டிலே பான் நோன் வாட் என்ற இடத்தில் சுமார் 3500 ஆண்டுக்கு முந்தைய கோழி எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மனிதர்கள் நெல்லும் சிறுதானியமும் பயிரிட்டுச் சேமித்து வைக்க, சிந்தியதைப் பொறுக்க வந்த காட்டுக்கோழிதான் மெல்ல மெல்ல வீட்டுக்கோழி ஆயிற்று என்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அதாவது, கோழிக்குத் தீவனம் தேடி நாம் போகவில்லை. நம்மிடம் மிஞ்சியதைத் தேடிக் கோழி வந்தது.

நம் பழந்தமிழ் நூல்களிலும் இதே காட்சிதான். முற்றத்திலே காயப்போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியைக் காதுக்குழையைக் கழற்றி எறிந்து விரட்டிய பெண்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. குறுந்தொகையிலே ஒரு புலவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர் அமைந்துவிட்டது. ஒரு பக்கம் முற்றத்துத் தானியம், இன்னொரு பக்கம் குப்பைமேடு. நம் நாட்டுக்கோழியின் சாப்பாடு அன்றைக்கே இந்த இரண்டிலும் அடங்கிவிட்டது.

தென்காசிப் பக்கத்துப் பழைய முறை

நம் பக்கத்திலே கார், பிசானம் என்று இரண்டு பூ. குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்தால் கார் நடவு. வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகினால் பிசானம். அறுப்பு முடிந்து களத்திலே சூடடித்துத் தூற்றும்போது பதரும் அரைமணியும் ஒரு பக்கம் ஒதுங்கும். அது முதல் தீவனம். வைக்கோல்போரடியிலே உதிர்ந்த நெல் மாதக்கணக்கில் கிடைக்கும். அது இரண்டாவது.

பிறகு வீட்டு வேலை. எங்கள் ஆச்சி காலத்திலே நெல்லை உரலில் போட்டு உலக்கையால் குத்தினார்கள். குத்தியதைச் சுளகிலே புடைக்கும்போது உமி தனியாக, தவிடு தனியாக, குருணை தனியாகப் பிரியும். அரிசி பானைக்கு. தவிடு மாட்டுக்கும் கோழிக்கும். குருணையிலே ஒரு கை குஞ்சுக்கு. கழுநீர்ப் பானையின் அடியில் தங்கினது, சோற்றுப் பருக்கை, கீரைத்தண்டு, எல்லாம் கோழிக்கு. சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர்கள் வீட்டிலே நெல்லுக்குப் பதிலாகக் கம்பும் சோளமும்.

மூன்றாவது, தொழுவும் எருக்குழியும். காலையிலே பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழி நேரே எருக்குழிக்குத்தான் ஓடும். அங்கே புழு, வண்டு, செரிக்காத தானியம். மழைக்காலத்தில் ஈசல். குஞ்சுக்கென்று கரையான் பிடித்துக் கொடுப்பதும் உண்டு.

இந்த முறையிலே குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோடையிலே களமும் காலி, குப்பையும் காய்ந்துவிடும். அப்போது கோழி மெலியும், முட்டையை நிறுத்தும். குஞ்சுகளில் பாதி பருந்துக்கும் கீரிக்கும் போகும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவே காலியாகும். ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை இட்டாலே அதிகம். ஆனால் அந்த முட்டைக்கு வீட்டுக்காரர் கையிலிருந்து போன காசு எதுவுமில்லை. அதை மறந்துவிடக் கூடாது.

தவிட்டின் பெருமையைச் சொன்ன கோழி

ரைஸ்மில் வந்த பிறகு உரலும் உலக்கையும் மூலைக்குப் போயின. அரிசி வெள்ளைவெளேரென்று ஆயிற்று. தவிடு என்றால் மட்டமான பொருள் என்ற எண்ணமும் வந்துவிட்டது. அந்தத் தவிட்டிலே உயிரைக் காக்கும் சத்து இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியவந்தது ஒரு கோழிக்கூட்டினாலேதான். இந்தக் கதையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஜாவாத் தீவிலே, டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், பத்தாவியா என்ற ஊரிலே ராணுவ மருத்துவமனை ஒன்று இருந்தது. இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தாவியா. அங்கே சிப்பாய்களுக்கும் கைதிகளுக்கும் பெரிபெரி என்ற நோய். கால் விழுந்துபோகும், நெஞ்சு வீங்கிச் சாவார்கள். காரணம் ஏதோ கிருமி என்று நினைத்து, கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டாக்டர் அதைக் கண்டுபிடிப்பதற்காகக் கோழிகளை வளர்த்தார். 1889-ல் அந்தக் கோழிகளுக்கே கால் தள்ளாட ஆரம்பித்தது. கழுத்து மடங்கி விழுந்து செத்தன. நோய்க்கிருமி ஊசி போடாத கோழிகளும் சேர்ந்து விழுந்தன. டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில மாதம் கழித்து நோய் தானாகவே நின்றது. அதுவும் விளங்கவில்லை.

விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள் சிக்கனம் செய்து, மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார். பிறகு சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர், "ராணுவத்து அரிசிச் சோறு வெளியாள் கோழிக்குக் கிடையாது" என்று நிறுத்திவிட்டார். மறுபடி தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழி பிழைத்துக்கொண்டது! ஐக்மன் அதன் பிறகு சோதனை செய்து பார்த்தார். தீட்டிய அரிசியோடு தவிட்டையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ் என்பவர், தவிட்டோடு போவது ஒரு சத்து, அது இல்லாததாலேதான் நோய் என்று 1901-ல் தெளிவாகச் சொன்னார். அந்தச் சத்துக்குத்தான் இன்றைக்கு வைட்டமின் பி-1 என்று பெயர். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-ல் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் வளர்ந்து, பிறகு ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நம் ஆச்சிமார் சுளகிலிருந்து தவிட்டைக் கோழிப் பக்கம் தட்டினார்களே, அது வீண்போன பொருள் இல்லை என்பதற்கு இத்தனை பேர் சாட்சி.

அமெரிக்கத் தானியம், சீனத்துப் பயறு

இப்போது மூட்டைத் தீவனத்துக்கு வருவோம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-ல் கொலம்பஸ் அங்கே போய் வந்த பிறகுதான் மற்ற நாடுகளுக்குப் பரவியது. சோயா சீனத்திலே தோன்றியது. இந்த இரண்டையும் சேர்த்துக் கோழித்தீவனம் ஆக்கியது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா.

ஆனால் அவர்களுக்கும் அது உடனே கைகூடவில்லை. கோழியை வீட்டுக்குள் அடைத்தால் கால் வளைந்து, ஓடு மெலிந்துபோயிற்று. வெயில் படாததால் வைட்டமின் டி இல்லை என்று 1920-களில் கண்டு, மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார்கள். அடுத்து, வெறும் தானியமும் சோயாவும் மட்டும் போட்டால் குஞ்சு வளரவில்லை. மீன்தூள் சேர்த்தால் வளர்ந்தது. ஏதோ ஒரு சத்து உயிர்ப்பொருளிலே மட்டும் இருக்கிறது என்று தேடினார்கள். தேடினபோது அது மாட்டுச்சாணத்திலும் இருப்பதை 1940-களில் கண்டுபிடித்தார்கள்! 1948-ல் அதைப் பிரித்தெடுத்து வைட்டமின் பி-12 என்று பெயர் வைத்தார்கள். அதை மருந்தாகச் செய்து கலக்க முடிந்த பிறகுதான் மக்காச்சோளமும் சோயாவும் முழுத்தீவனம் ஆயின.

இதிலே கவனிக்க வேண்டியது என்ன? வெயிலை எண்ணெயாகவும், எருக்குழியைப் பொடியாகவும் மூட்டைக்குள் அடைத்தார்கள். நம் முற்றத்துக் கோழிக்கு இரண்டும் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தன.

நம் நாட்டிலே மக்காச்சோள ஆராய்ச்சிக்கு அகில இந்தியத் திட்டம் 1957-ல் வந்தது. சோயா 1960-களின் பிற்பகுதியில் பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் அமெரிக்க உதவியோடு சோதிக்கப்பட்டு, மத்தியப் பிரதேசத்தில் பரவியது. அதுவரைக்கும் பண்ணைக்கோழிக்குப் புரதம் கொடுத்தது நம் கடலைப் புண்ணாக்குதான். அதற்கு ஒரு கெட்டபெயர் 1960-ல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்து, அதிலே நஞ்சு உண்டாகியிருந்தது. அஃப்ளாடாக்சின் என்று அந்த நஞ்சுக்குப் பெயர். குற்றம் கடலையின் மேல் இல்லை, ஈரத்தின் மேல். ஆனாலும் பெரிய பண்ணைகள் மெல்ல மெல்லச் சோயாப் பக்கம் சாய்ந்தன.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டிலே நிற்கிற வெள்ளைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அதற்கு அந்தத் தீவனம்தான் சரி. அதை நான் குறை சொல்லவில்லை. நம் சிறுவிடைக் கோழிக்கும் அதே தீவனத்தைப் போட்டால் அது 300 முட்டை இடாது, கொழுப்புதான் வைக்கும். செலவு பண்ணைக்காரர் செலவு, வரவு முற்றத்து வரவு. அந்த அம்மா கணக்குக் கட்டவில்லை என்றார்களே, காரணம் இதுதான்.

விலையும் நம் கையில் இல்லை. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தைத் தின்றது. 2021-ல் சோயா விலை ஏறி, வெளிநாட்டிலிருந்து 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி கொடுக்கவேண்டி வந்தது. அதன் பிறகு மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கத் தொடங்கினார்கள். கோழித் தீவனத்துக்கும் பெட்ரோல் பங்குக்கும் போட்டி! இந்தப் போட்டியிலே பத்துக் கோழிக்காரர் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

அப்படியானால் பழையபடி அவிழ்த்து விட்டுவிட்டால் போதுமா என்றால், போதாது. களமெல்லாம் குறைந்துவிட்டது. அறுப்பு மிஷின் வயலிலேயே அடித்துவிடுகிறது. பல வீட்டிலே மாடே இல்லை. ஆகவே பழைய சாப்பாட்டிலே எது குறைந்ததோ அதை மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

பகலெல்லாம் மேய்கிற கோழிக்கு, சாயங்காலம் அடைகிற நேரத்தில் 30 முதல் 40 கிராம் கலவை போதும். பத்துக் கோழிக்கு ஒரு மாதத்துக்கு 10 கிலோ வேண்டும். அதற்கு ஒரு கணக்கு:

கம்பு, சோளம், குருணை, இவற்றில் மலிவாகக் கிடைப்பது 5 கிலோ.
நல்ல தவிடு இரண்டரைக் கிலோ.
கடலைப் புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம்.
தேங்காய்ப் புண்ணாக்கு அரைக் கிலோ.
உப்புப் போடாத கருவாட்டுத் தூள் அரைக் கிலோ.
கிளிஞ்சல் தூள் 300 கிராம்.

இதில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு புரதம் இருக்கும். முட்டைக்கோழிக்கு இது தாராளம். மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு நிற்கும்; கம்பிலே புரதம் கொஞ்சம் கூடவே உண்டு. சிவப்புச் சோளம் துவர்ப்பு, அதைக் குறைத்துப் போடுங்கள்.

தவிடு வாங்கும்போது கையிலெடுத்துப் பாருங்கள். பழைய ஹல்லர் மில் தவிட்டிலே உமி அதிகம், சத்து குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு மெதுவாக இருப்பதே நல்ல தவிடு. அதை வெகுநாள் வைக்கக் கூடாது, சிக்குவாடை அடித்துவிடும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையோ கறுப்போ பூத்திருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சாரல் காலத்திலே நம் பக்கம் காற்றிலேயே ஈரம். தீவனச் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். வெயில் வந்த அன்று காயப்போடுங்கள். ஆனால் ஒன்று, பூசணம் பிடித்த புண்ணாக்கைக் காயவைத்தாலும் கழுவினாலும் அந்த நஞ்சு போகாது. இங்கிலாந்து வான்கோழிக்கு நேர்ந்தது நம் பஞ்சாரத்துக்கும் நேரும்.

ஆமணக்கு, இலுப்பைப் புண்ணாக்குகளைக் கோழிக்குக் காட்டவே கூடாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டோடு இருக்கட்டும். உப்புக் கருவாடும் ஆகாது. உப்பு கூடினால் கோழி சாகும்.

குஞ்சுக்கு முதல் இரண்டு மாதம் புரதம் அதிகம் வேண்டும். அதற்குத்தான் கரையான். ஒரு பழைய மண்பானையிலே கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன மட்டை, சருகு இவற்றை அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் செம்மண் தரையிலே கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் திறந்தால் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு முன்னால் தட்டிவிடுங்கள். வீட்டுச் சுவரையும் மரச்சாமானையும் விட்டுத் தள்ளியே வைக்கவேண்டும்.

தொட்டியிலே அசோலா வளர்த்தால் பசுந்தீவனம் ஆயிற்று. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தார் இதைக் கால்நடைத் தீவனமாகப் பல ஊர்களுக்கும் பரப்பினார்கள். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கழித்த கீரையும் முட்டைகோஸ் இலையும் கிடைக்கும். மருந்து அடித்த வாடை இருந்தால் மட்டும் எடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் தீவனத்தால் ஆகாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் வழி. நல்லதைத் தின்ற கோழியும் அந்த நோய்க்குத் தப்பாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலத்தோடு போட்டுவிடுங்கள்.

தீவனக் கடை வாசலில் கேட்ட அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மக்காச்சோளமும் சோயாவும் இல்லாம கோழி வளரும்மா. தவிடும் குப்பையும் வெயிலும் தர்ற சத்து இல்லாமதான் வளராது. மூட்டைக்குள்ள அதைத்தான் விலை போட்டு வச்சிருக்காங்க. உங்க வீட்டுல எதெல்லாம் சும்மா கிடைக்குதுன்னு முதல்ல எண்ணிப் பாருங்க. மீதியை மட்டும் வாங்குங்க."

அவர்கள் அன்றைக்கு மூட்டை வாங்கவில்லை. கம்பும் கடலைப் புண்ணாக்கும் வாங்கிக்கொண்டு, தவிட்டுக்காக மில் பக்கம் நடந்தார்கள். நீங்களும் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.